தன் நிலையைச் சொல்லாமலேயே எச்.ஐ.வி. தடுப்பைப் பேசலாம்

எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களைத் தடுப்புப் பணிக்கான பயிற்சிக்கு அழைத்தால், பலர் முதல் நாளே என்னைத் தனியாகப் பார்த்து ஒன்றைக் கேட்பார்கள்: “எனக்கு இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லணுமா?” வேண்டாம் என்ற பதிலை எல்லாருக்கும் கேட்கும்படி அன்றே சொல்லிவிடுவேன். அதைக் கேட்ட பிறகுதான் பலர் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

ஆலோசகராகப் பணிபுரிந்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: தடுப்புப் பணி பெரும்பாலும் மேடையில் நடப்பதில்லை. தம்பியிடம், தோழியிடம், உடன் வேலை செய்பவரிடம் தற்செயலாக வரும் பேச்சில் நடக்கிறது. சொல்பவர் தன் நிலையை வெளியிட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. தகவல் சரியாக இருந்தால் போதும்.

எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே இந்தப் பணியில் முன் நிற்க வேண்டும் என்பது அவர்களே எழுப்பிய குரல். 1983-இல் அமெரிக்காவின் டென்வரில் எய்ட்ஸோடு வாழ்ந்தவர்கள் கூடி, தங்களைப் பற்றி முடிவெடுக்கும் இடங்களில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்றார்கள். 1994 டிசம்பர் 1 அன்று பாரிஸில் 42 நாடுகள் அந்தப் பங்கேற்பை வலியுறுத்தும் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. ஆனால் பல நிகழ்ச்சிகளில் அந்தப் பங்கேற்பு ஒரு நாற்காலி, ஒரு உருக்கமான பேச்சு, ஒரு புகைப்படம் என்று குறுகிவிடுகிறது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இணையத்தில் ஏறிய படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அதன் விளைவு படத்தில் இருப்பவருடைய குழந்தைகள் வரை போகும்.

பயிற்சியில் முதலில் தொட வேண்டியது மனதுக்குள் ஊறிப்போன குற்ற உணர்வு. உகாண்டாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்காக ‘கேம் சேஞ்சர்ஸ்’ என்ற பெயரில் சோதிக்கப்பட்ட பயிற்சியிலும் சுயகளங்கம் (தன்னைத் தானே இழிவாக நினைப்பது), நிலையை வெளிப்படுத்துவது பற்றிய முடிவு, சொந்த உடல்நலம் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. தன்னையே தண்டித்துக்கொண்டிருப்பவர் அடுத்தவரிடம் பேசும்போது அது அச்சுறுத்தலாகத்தான் வெளிவரும். “என்னை மாதிரி ஆகிடாதே” என்பார். கேட்பவர் பயந்துபோவார், பரிசோதனைக்குப் போகமாட்டார்.

அந்தக் குற்ற உணர்வைத் தளர்த்துவதில் அறிவியல் தகவலுக்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை. மருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்த நிலை நீடித்தால், உடலுறவு மூலம் இணைக்கு எச்.ஐ.வி. தொற்றாது. 2019-இல் வெளியான பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த ஆண் இணைகளிடையே, ஆணுறை இல்லாத சுமார் 76,000 உறவுகளில் ஒரு தொற்றுகூட இணையிடமிருந்து வரவில்லை. இதை முதன்முறை கேட்டு அழுதவர்கள் உண்டு. வீட்டில் பிள்ளையைத் தொட்டுத் தூக்கவே தயங்கிக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தொட்டால் பரவாது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும், ஆனாலும் கை நீளவில்லை.

இந்தத் தகவலின் எல்லைகளையும் அதே வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்து தொடங்கியதும் வைரஸ் அடங்கிவிடாது. பெரும்பாலானோருக்கு ஆறு மாதம் வரை ஆகலாம். பரிசோதனையில் அது உறுதியாக வேண்டும். மற்ற பால்வினை நோய்களை இந்த மருந்து தடுக்காது. ஊசியைப் பகிர்வதற்கும் தாய்ப்பாலுக்கும் ‘துளியும் ஆபத்து இல்லை’ என்ற உறுதியைக் கொடுக்க முடியாது. தாய்ப்பாலைப் பொறுத்தவரை சிகிச்சையால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. முடிவை மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது பேசிப் பழகுவது. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குவேன். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் அறிவுரை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். “நீ எப்பவாவது பரிசோதனை செஞ்சிருக்கியா? போகத் தோணலன்னா எது தடுக்குது?” எதிரில் இருப்பவர் எரிந்து விழுவார், சிரித்து மழுப்புவார், “உனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?” என்று திருப்புவார். கடைசிக் கேள்விக்கு ஒவ்வொருவரும் தமக்கு ஏற்ற பதிலை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். “ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன்” என்பது முழு உண்மை, அதுவே போதும். “எப்படி வந்தது?” என்று யாராவது கேட்டால் பதில் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை.

சில தகவல்கள் நாக்கின் நுனியில் இருக்க வேண்டும். தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்று தோன்றினால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம், தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். அதை 28 நாள் எடுக்க வேண்டும். தொற்றும் வாய்ப்பு தொடர்ந்து உள்ளவர்களுக்கு முன்கூட்டியே எடுக்கும் மருந்தும் உண்டு. தொற்றிய உடனே செய்யும் பரிசோதனை அதைக் காட்டாமல் போகலாம், அதனால் சொன்ன தேதியில் மறுபடியும் செய்ய வேண்டும்.

இன்னொருவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது, நல்ல நோக்கத்தில்கூட. வீட்டில் அடி உதைக்கு வாய்ப்பிருந்தால், கணவரிடமோ மனைவியிடமோ சொல்வதற்கு முன் பாதுகாப்பைத் திட்டமிட வேண்டும். அதை ஆலோசகருடன் சேர்ந்து செய்வது நல்லது.

திட்டம் நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. பயிற்சி பெற்று இந்தப் பணியைச் செய்பவர்களுக்குப் பயணச் செலவும் உழைப்புக்கான ஊதியமும் கொடுங்கள். பயிற்சி முடிந்த பிறகும் அவர்கள் கூடிப் பேச ஏற்பாடு செய்யுங்கள். ஒருவர் சில காலம் விலகியிருக்க விரும்பினால் காரணம் கேட்காமல் விடுங்கள். மருந்துக்கும் பரிசோதனைக்கும் அவர் வருவது மட்டும் தடைபடக் கூடாது.