காய்ச்சல் மாத்திரையும் மல்லிகை மணமும்

பாராசிட்டமால் மூலக்கூறு ஒன்றில் உள்ள அணுக்களை எண்ணினால் எட்டு கார்பன், ஒன்பது ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். மல்லிகை மணத்தில் கலந்திருக்கும் மெத்தில் ஆந்த்ரனிலேட்டை எண்ணினாலும் அதே எட்டு, ஒன்பது, ஒன்று, இரண்டு. முதலாவது காய்ச்சலைத் தணிக்கும் கசப்பான வெள்ளைத் தூள். இரண்டாவது திராட்சை மிட்டாய்க்கு வாசனை தருவது. பறவைகளுக்கு அது எரிச்சலூட்டும் என்பதால் பழத்தோட்டங்களில் தெளித்து அவற்றை விரட்டவும் பயன்படுத்துகிறார்கள்.

மூலக்கூறு வாய்பாடு ஒன்றாக இருந்தும் இவை வெவ்வேறு பொருள்களாக இருப்பதற்குக் காரணம், எந்த அணு எதனோடு பிணைந்திருக்கிறது என்பதுதான். இப்படிப்பட்ட சேர்மங்களை மாற்றியங்கள் என்கிறோம். பிணைப்பை வரைந்து காட்டலாம், பெயரால் சொல்லவும் செய்யலாம். முறையாக வைத்த பெயரைக் கேட்டவர், படத்தைப் பார்க்காமலேயே அதை வரைந்துவிட முடியும். கரிம வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பல வகுப்புகளில் இதை மனப்பாடப் பகுதியாக்கி ஒதுக்கிவிடுகிறார்கள் என்பது வருத்தம்.

பாராசிட்டமாலின் முறைப்பெயர் என்-(4-ஹைட்ராக்சிஃபீனைல்)அசிட்டமைடு. மிரள வேண்டாம். கடைசியிலிருந்து படித்தால் வழி திறக்கும். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அசிட்டமைடு என்பது இரண்டு கார்பன் கொண்ட சிறு துண்டு. ஒரு கோடு போடுங்கள். அதன் ஒரு முனை மெத்தில் தொகுதி, அதாவது மூன்று ஹைட்ரஜன்களைத் தாங்கிய ஒரு கார்பன். மறுமுனையில் உள்ள கார்பனிலிருந்து இரட்டைக் கோடு போட்டு ஆக்சிஜனையும், ஒற்றைக் கோடு போட்டு நைட்ரஜனையும் எழுதுங்கள். பெயரின் தொடக்கத்தில் இருக்கும் ‘என்’ நைட்ரஜனின் குறியீடு. அடைப்புக்குறிக்குள் இருப்பதை அந்த நைட்ரஜனில் இணைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உள்ளே இருப்பது ஃபீனைல், அதாவது ஆறு மூலைகள் கொண்ட பென்சீன் வளையம். அதன் ஆறு பக்கங்களில் ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டைக் கோடாகப் போடுங்கள். நைட்ரஜனைத் தொடும் மூலைக்கு எண் 1. அங்கிருந்து எண்ணினால் 4 நேர் எதிரே வரும். அங்கே ஓர் ஆக்சிஜனும் அதன்மேல் ஒரு ஹைட்ரஜனும் வைத்தால் அதுதான் ‘ஹைட்ராக்சி’. படம் முடிந்தது.

ஒன்பது ஹைட்ரஜனும் எங்கே என்று கேட்கலாம். கோட்டுப்படத்தில் ஒவ்வொரு மூலையும், எழுத்தில்லாத ஒவ்வொரு முனையும் கார்பன். கார்பனுக்கு நான்கு பிணைப்புகள் வேண்டும். வரையாமல் விட்டவற்றை ஹைட்ரஜன் நிரப்புகிறது என்பது எழுதப்படாத ஒப்பந்தம். மெத்திலில் மூன்று, வளையத்தில் எதுவும் இணையாத நான்கு மூலைகளில் நான்கு, நைட்ரஜனில் ஒன்று, ஆக்சிஜனில் ஒன்று. கூட்டிப் பாருங்கள், ஒன்பது. எந்தப் படத்தை வரைந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. பிழை இருந்தால் பெரும்பாலும் இங்கேயே பிடிபடும்.

மெத்தில் ஆந்த்ரனிலேட்டின் முறைப்பெயர் மெத்தில் 2-அமினோபென்சோயேட். இங்கே வளையத்தின் முதல் மூலையில் ஒரு கார்பன் தொங்குகிறது. இரண்டு ஆக்சிஜன்களும் அதில்தான் இருக்கின்றன. ஒன்று இரட்டைப் பிணைப்பில், மற்றொன்று மெத்திலைத் தாங்கிக்கொண்டு. நைட்ரஜன் தன் இரண்டு ஹைட்ரஜன்களோடு பக்கத்து மூலையான 2-இல் நேரடியாக வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதல் படத்தில் ஆக்சிஜனை இரட்டைக் கோட்டில் தாங்கிய கார்பனோடு இணைந்து அமைடாக இருந்த நைட்ரஜன், இங்கே அப்படி இணையாமல் அமீன் ஆகிவிட்டது.

அந்த 2 என்ற எண்ணைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. மெத்தில் 2-அமினோபென்சோயேட் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியசில் உருகிவிடும். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி அது திரவம்தான். எண்ணை மட்டும் 4 ஆக்கினால் வரும் சேர்மமோ 110 டிகிரி வரை திடமாக நிற்கும். 2-இல் இருக்கும்போது அமினோவின் ஹைட்ரஜன் அருகிலேயே இருக்கும் ஆக்சிஜனோடு மூலக்கூறுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய ஈர்ப்பை அமைத்துக்கொள்கிறது. 4-க்குப் போனால் ஆக்சிஜன் எட்டாத தூரம். அதனால் பக்கத்து மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றியவற்றைப் பிரிக்க அதிக வெப்பம் வேண்டும்.

பெயரின் கடைசியில் எந்தத் தொகுதி வரவேண்டும் என்பதற்கும் முன்னுரிமை வரிசை உண்டு. அமிலம், எஸ்டர், அமைடு, பிறகு ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன் என்று போகும். பாராசிட்டமாலில் அமைடு பின்னொட்டாகி, ஹைட்ராக்சி முன்னொட்டாக நிற்பது இதனால்தான். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட, வளையமில்லாத ஹைட்ரோகார்பன்களில் மிக நீளமான கார்பன் சங்கிலியைத் தேட வேண்டும். சங்கிலி நேர்கோட்டில்தான் போகும் என்பதில்லை, படத்தில் வளைந்தும் போகலாம். ‘2-எத்தில்பியூட்டேன்’ என்று எழுதும் மாணவர் நான்கு கார்பனோடு நின்றுவிட்டார். இரண்டு கார்பன் கொண்ட எத்தில் கிளை வழியாகத் திரும்பி எண்ணியிருந்தால் ஐந்து கிடைக்கும். சரியான பெயர் 3-மெத்தில்பென்டேன்.

இந்த விதிகளுக்கு அடித்தளம் 1892-இல் ஜெனீவாவில் போடப்பட்டது. ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 34 வேதியியலாளர்கள் அங்கே கூடினார்கள். 1919-இல் தோன்றிய ஐ.யு.பி.ஏ.சி. என்ற பன்னாட்டு ஒன்றியம் இன்றுவரை விதிகளைத் திருத்தி வருகிறது. பழைய பெயர்களை அது முற்றிலும் துடைத்துவிடவில்லை. அசிட்டிக் அமிலம், பென்சோயிக் அமிலம், அனிலின் ஆகியவை இன்னும் ஏற்கப்பட்ட பெயர்களே. புழக்கத்தில் ஊறிய பெயர் குழப்பம் தராதவரை அதை வைத்துக்கொள்வதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன்.

இவ்வளவு சொல்லியும் தட்டையான படம் போதாத இடம் ஒன்று உண்டு. ஒரு கார்பனில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்திருந்தால் அவற்றை இரண்டு விதமாக அடுக்கலாம். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம், ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்த முடியாது. படத்தில் நம்மை நோக்கி வரும் பிணைப்பை அடர்ந்த ஆப்பு வடிவத்திலும், பின்னால் போவதைக் கோடுகளால் ஆன ஆப்பாகவும் வரைகிறோம். பெயரில் இதைச் சொல்ல கான், இங்கோல்ட், பிரெலாக் ஆகிய மூன்று வேதியியலாளர்கள் வகுத்த விதி இருக்கிறது. கார்பனோடு நேரடியாக இணைந்த அணுக்களை அணு எண்படி வரிசைப்படுத்த வேண்டும். அங்கே சமமாக இருந்தால் அடுத்த அணுக்களைப் பார்க்க வேண்டும். கடைசி இடம் பெற்றதைப் பின்னால் தள்ளிவைத்துப் பார்க்கும்போது மற்ற மூன்றும் முதலிடத்திலிருந்து வரிசைப்படி கடிகாரச் சுற்றில் போனால் ‘ஆர்’, எதிர்ச்சுற்றில் போனால் ‘எஸ்’.

கார்வோன் என்ற வாசனைச் சேர்மத்தில் இப்படிப்பட்ட கார்பன் ஒன்றே ஒன்று இருக்கிறது. ஆர்-கார்வோன் ஸ்பியர்மின்ட் புதினாவின் மணம். எஸ்-கார்வோன் சதகுப்பை விதையின் மணம். படத்தில் ஓர் ஆப்பு மாறுகிறது, பெயரில் ஓர் எழுத்து மாறுகிறது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.