அம்மப்பாவின் துவக்கும் உங்கள் வலது கண்ணும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவரை அவருடைய மச்சான் வேனில் ஏற்றிக்கொண்டு கண் வைத்தியரான என்னிடம் வந்தார். வலது கண்ணில் ஒரு சாரத்தைச் சுருட்டி அழுத்திப் பிடித்திருந்தார்கள். "பட்டாசு பட்டிட்டுது டொக்டர்" என்றார் மச்சான். இமைத் தோலுக்குள் கறுப்பாக வெடிமருந்துத் துகள்கள் பதிந்திருந்தன. வலது கன்னத்தில் மஞ்சளாக ஒரு உலோகச் சீவல் குத்தி நின்றது. பட்டாசில் பித்தளை ஏது?

"நான் பொலிஸ் இல்லை. அவர்களுக்கு அறிவிப்பது தன் பாட்டில் நடக்கும். என்ன வெடித்தது என்று சொன்னால்தான் கண்ணுக்குள் எதைத் தேடுவது என்று எனக்குத் தெரியும்" என்றேன். அப்புறம்தான் கதை வந்தது. இங்கே இலங்கையில், வன்னியில் ஒரு பழைய வீட்டுப் பரணில் மார்ட்டினி-ஹென்றித் துவக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. கீழ்ப்பிடியை இழுத்து ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடும் வகை. 1871 முதல் பிரிட்டிஷ் படை தூக்கித் திரிந்தது. இவர் ரொறன்ரோவில் அப்படி இரண்டு வைத்திருப்பவர், அங்கே சுடுதிடலில் முறையாகச் சுடுபவர். அதற்கு வேண்டிய கருமருந்து, அதாவது அந்தக் காலத்துப் புகை கக்கும் வெடிமருந்து, இங்கே கிடைக்கவில்லை. மச்சான் இந்தக் காலத்து 12 போர் வேட்டைத் துவக்குத் தோட்டா ஒன்றை உடைத்து, அதிலிருந்த புகையற்ற மருந்தைப் பழைய பித்தளைக் கோதில் (தோட்டாவின் வெறும் கூட்டில்) நிரப்பிக் கொடுத்திருக்கிறார்.

இந்த ஆண்டில் இது எனக்கு மூன்றாவது கண். மற்ற இரண்டும் பன்றிக்கு வைத்த இடியன் துவக்கால், அதாவது வாய்வழியே மருந்தை இடித்து நிரப்பும் நாட்டுத் துவக்கால் வந்தவை. அவற்றிலும் மருந்துக் கதை இதேதான்.

மூன்று பேரின் வீட்டாரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "அந்தக் காலத்து இரும்பு டொக்டர், ஒண்டும் செய்யாது." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அந்தக் காலத்து இரும்பு அந்தக் காலத்து மருந்துக்குச் செய்யப்பட்டது, ஐயா! மார்ட்டினித் தோட்டாவில் 85 கிரெய்ன் கருமருந்து, அதாவது ஏறக்குறைய ஐந்தரை கிராம். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கரியும் உப்புமாகத் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்தப் புகை மண்டலம் அதுதான். புகையற்ற மருந்து கிட்டத்தட்ட முழுவதும் வாயுவாக மாறும். ஒரு கோதுக்குள் இரண்டையும் ஒரே அளவு நிரப்பினால், கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், துவக்குக்கு ஒன்றல்ல. அம்மப்பா நாற்பது வருடம் சுட்டார், ஒன்றும் நடக்கவில்லை என்பீர்கள். அம்மப்பா கருமருந்தால் சுட்டார்.

அந்த இரும்பும் அப்படியே இருக்கவில்லை. கருமருந்தின் உப்புக் கழிவு ஈரத்தை இழுக்கும். நம்முடைய கடற்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஜன்னல் கம்பியைப் பார்த்தால் தெரியும். வெளியே தேங்காய் எண்ணெய் பூசி மினுக்கி வைத்திருப்பார்கள். குழலின் உள்ளே அம்மைத் தழும்புபோல் குழி குழியாக அரித்திருக்கும். பின்பக்கத்தை அடைக்கும் கட்டையும் அதன் ஆணியும் தேய்ந்திருக்கும். அப்போது கோது நீண்டு கிழியும், வாயுவும் பித்தளைச் சீவல்களும் பின்னோக்கிப் பாயும். அந்த வழியில் இருப்பது குறி பார்க்கும் கண்.

இவருடைய கண்ணுக்குள் ஒரு அரிசிமணியின் பாதியளவு பித்தளை இருந்தது. பித்தளையில் பெரும்பங்கு செம்பு. அது கண்ணுக்குள் அழற்சியைக் கிளப்பும். இரும்பென்றால் சத்தமில்லாமல் மாதக்கணக்கில் விழித்திரையைக் கொல்லும். "இப்ப நல்லாத் தெரியுது" என்று வீட்டிலிருந்துவிட்டு ஆறாம் மாதம் வருபவர்களைத்தான் எனக்குத் தாங்க முடிவதில்லை. (எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி நச்சரிக்காதீர்கள். காந்தம் கண்ணுக்குள்ளிருக்கும் இரும்பை அசைத்துவிடும். எக்ஸ்ரேயும் சி.ரி.யும் போதும்.)

சேகரிப்பதில் எனக்கு ஒரு பகையும் இல்லை. அந்தத் துவக்கின் பூட்டை, அதாவது பின்பக்கத்தை அடைத்துச் சுடவைக்கும் பொறியின் வேலைப்பாட்டை நானே வியந்து பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கத்தைய சட்டப்படி வைத்திருங்கள். பிரிட்டனில் அலங்காரப் பொருளாக வைத்திருக்கும் வரை பழந்துவக்குக்கு விலக்கு உண்டு, சுடப்போகிறேன் என்றால் சான்றிதழ் வேண்டும். சுடுவதற்கு முன் துவக்குத் தெரிந்த ஒருவரிடம் குழலையும் பூட்டையும் காட்டுங்கள். கருமருந்து, இல்லையென்றால் அதற்கு மாற்றாக விற்கும் மருந்து, வேறு எதுவும் கூடாது. பொலிகாபனேற்றுக் கண்ணாடி போடாமல் தோளில் வைக்காதீர்கள். வாசிக்கும் கண்ணாடி அதற்கு உதவாது.

இங்கே பரணில் கிடைத்தால்? இலங்கையின் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் பழசு, ஆனால் உயிரோடு இருக்கிறது. அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கையால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். உள்ளே மருந்து கிடக்கிறதா என்று பார்க்க ஒருவரும் குழலின் வாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டாம், தயவுசெய்து.

அதையும் மீறி நடந்துவிட்டால்: கண்ணை அழுத்தாதீர்கள், அந்தச் சாரம் வேண்டவே வேண்டாம். கழுவாதீர்கள், மருந்து விடாதீர்கள், குத்தி நிற்பதை இழுக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கோப்பையின் அடியைக் கண்ணில் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேரே வாருங்கள். வழியில் கடையில் நிறுத்தி, பாவம் பிள்ளை என்று பால் தேத்தண்ணியும் பணிசும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மயக்க மருந்துக்கு ஆறு மணித்தியாலம் காத்திருக்கச் சொல்வார்கள். இவரை வேனில் கூட்டிவந்தவர்கள் கொடுத்திருந்தார்கள். காலை இரண்டரைக்குத்தான் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் எடுத்தோம்.