லேப் ரிப்போர்ட்டில் என்ஏபிஎல் முத்திரை: யார் தருகிறார்கள், எதைப் பார்த்துத் தருகிறார்கள்?

‘என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்றது’ என்று பலகை வைத்த ரத்தப் பரிசோதனை நிலையங்களை இப்போது சின்ன ஊர்களிலும் பார்க்கலாம். என்ஏபிஎல் என்பது லேப்களின் தரத்தைச் சோதித்து அங்கீகாரம் தரும் தேசிய வாரியம். அதன் அங்கீகாரம் கட்டடத்துக்கோ கம்பெனி பெயருக்கோ மொத்தமாகக் கிடைப்பதில்லை. இந்த முகவரியில், இந்த முறையில் செய்யும் இந்தப் பரிசோதனைக்கு என்று ஒவ்வொன்றாக எழுதித்தான் தருவார்கள். 300 வகைப் பரிசோதனை செய்யும் லேப் ஒன்று 40க்கு மட்டும் அங்கீகாரம் வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் தப்பில்லை. மீதி 260க்கும் அதே முத்திரையைக் குத்திக் கொடுத்தால்தான் தப்பு.

கொரோனா காலத்தில் இது நன்றாகவே வெளிப்பட்டது. 2020 மார்ச்சில் தனியார் லேப்களுக்கு ஆர்டி-பிசிஆர் அனுமதி கொடுத்தபோது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கேட்டது, கொரோனா போன்ற ஆர்என்ஏ வைரஸ்களுக்கான ஆர்டி-பிசிஆர் பரிசோதனைக்கென்றே வாங்கிய என்ஏபிஎல் அங்கீகாரத்தை. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் வாங்கியிருந்த சான்று அங்கே செல்லவில்லை.

என்ஏபிஎல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் தொடங்கப்பட்டது. இப்போது இந்தியத் தரக் கவுன்சிலின் ஓர் அங்கம். மருத்துவ லேப்களை அது அளக்கும் கோல் ஐஎஸ்ஓ 15189 என்ற சர்வதேசத் தரம். அதன் நான்காம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. நோயாளிக்கு என்ன ஆபத்து நேரலாம் என்று லேபே முன்கூட்டி யோசித்து வைத்திருக்க வேண்டும் என்பதில் இந்தப் பதிப்பு கறாராக இருக்கிறது. வார்டில் நர்ஸ் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை போன்றவற்றுக்கு முன்பு தனித் தரம் இருந்தது. அவையும் இப்போது இதற்குள்ளேயே வந்துவிட்டன.

இந்த அங்கீகாரம் பொதுவாகக் கட்டாயமில்லை, லேப் விரும்பி வாங்குவது. தமிழ்நாட்டில் லேப் நடத்தக் கட்டாயமாக வேண்டியது மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு. அது வேறு, இது வேறு. பதிவுச் சான்றை ஃபிரேம் போட்டு மாட்டி, ‘அரசு அங்கீகாரம்’ என்று சொல்லிக் குழப்புகிறவர்களும் உண்டு.

லேப் விண்ணப்பித்ததும் முதலில் காகிதங்களைப் பார்ப்பார்கள். பிறகு ஆய்வுக் குழு நேரில் வரும். தலைமை ஆய்வாளர் ஒருவர். அவரோடு உயிர்வேதியியல், ரத்தவியல், நுண்ணுயிரியல் என்று லேப் கேட்ட பிரிவுகளுக்கேற்ற வல்லுநர்கள். அவர்களும் வேறு லேப்களில், மருத்துவக் கல்லூரிகளில் இதே வேலையைப் பார்ப்பவர்கள்தான். அதனால் எங்கே ஓட்டை இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்களுடைய பெரிய ஆயுதம், ஒரே ஒரு பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பின்னோக்கிப் போவது. போன மாதத்து ரிப்போர்ட் ஒன்றில் பொட்டாசியம் 6.8 என்று இருக்கிறது. இதயத் துடிப்பையே கெடுக்கக்கூடிய அளவு. உடனே டாக்டருக்கு ஃபோன் போனதா? எத்தனை மணிக்கு? யார் எடுத்தார்? கேட்ட எண்ணை அவர் திருப்பிச் சொன்னாரா? அன்று காலை அந்தக் கருவியில் ஓட்டிய கன்ட்ரோல், அதாவது மதிப்பு முன்பே தெரிந்த மாதிரி, என்ன காட்டியது? பரிசோதனைக்கான ரசாயனம் (ரீஏஜென்ட்) எந்த லாட், திறந்த தேதி பாட்டிலில் இருக்கிறதா? சாம்பிளில் சிவப்பணு உடைந்திருந்ததா? ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரம் கழித்து சீரம் பிரித்தார்கள்? அதே ஆளுக்குக் கால்சியமும் அநியாயத்துக்குக் குறைவாக இருந்தால் ஆய்வாளர் நிமிர்ந்து உட்காருவார். ஊதா மூடிக் குழாயில் இருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏவின் பொட்டாசியம் உப்பு. அதில் எடுத்த ரத்தத்தைச் சீரம் குழாயில் கொஞ்சம் ஊற்றினாலும் பொட்டாசியம் எகிறும், கால்சியம் விழும். கருவி சரியாகத்தான் அளந்திருக்கும். தப்பு ஊசி போட்ட இடத்திலேயே நடந்திருக்கும்.

அடுத்தது கன்ட்ரோல் வரைபடம். மதிப்பு தெரிந்த மாதிரியைத் தினமும் கருவியில் ஓட்டி, சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று புள்ளி வைப்பார்கள். மூன்று திட்ட விலக்கத்தை (வழக்கமான ஏற்றத்தாழ்வைப் போல மூன்று மடங்கை) தாண்டினால் ரிப்போர்ட்டை நிறுத்த வேண்டும். எல்லைக்குள்ளேயே இருந்தாலும், பத்துப் புள்ளி தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் கருவி மெல்ல நழுவுகிறது என்று பொருள். சில இடங்களில் கன்ட்ரோல் வெளியே போனால், உள்ளே வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டிக் கடைசி எண்ணை மட்டும் எழுதுவார்கள். பதிவேடு அழகாக இருக்கும். ஆனால் கருவியின் நினைவகத்தில் எல்லா ஓட்டமும் இருக்குமே! ஃபிரிட்ஜ் வெப்பநிலைப் பதிவேடும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்: மூன்று மாதத்துக்கு ஒரே பேனா மை, தினமும் 4 டிகிரி, லேப் பூட்டிக் கிடந்த தீபாவளியன்றும் 4 டிகிரி.

வெளித் தர மதிப்பீட்டிலும் லேப் சேர்ந்திருக்க வேண்டும். வேலூர் சிஎம்சி உயிர்வேதியியலுக்கும், டெல்லி எய்ம்ஸ் ரத்தவியலுக்கும் இதை நடத்துகின்றன. மதிப்பு சொல்லாமல் மாதிரி அனுப்புவார்கள். நம் விடையை மற்ற லேப்களின் விடைகளோடு ஒப்பிட்டுத் திருப்பித் தருவார்கள். பக்கத்து லேபுக்கு ஃபோன் போட்டு “உங்களுக்கு எவ்வளவு வந்தது?” என்று கேட்பது பரீட்சையில் எட்டிப் பார்ப்பதுதான்.

குறை கண்டால் எழுதிக் கொடுப்பார்கள். காரணத்தைக் கண்டு திருத்திய சான்றை லேப் குறித்த காலத்துக்குள் அனுப்ப வேண்டும். இங்கே வழக்கமாக வரும் பதில், ‘டெக்னீஷியனுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது’. எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கையே கிடையாது. சேகரிப்பு மையத்திலிருந்து சாம்பிள் பெட்டி வெயிலில் இரண்டு மணி நேரம் பைக்கில் வந்தால், பயிற்சி அதை என்ன செய்யும்? பிரிக்காத ரத்தத்தில் குளுக்கோஸ் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறைந்துகொண்டே போகும். மாற்ற வேண்டியது குழாய், வண்டி, நேரம்.

திருத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டால் அங்கீகாரக் குழு முடிவெடுக்கும். சான்று கையில் வந்த பிறகும் கண்காணிப்பு ஆய்வும் மறு ஆய்வும் உண்டு.

ஓரிரு டெக்னீஷியனோடு ஓடும் சின்ன லேபுக்கு இவ்வளவும் மலைப்புதான். அவர்களுக்காக என்ஏபிஎல் 2019 பிப்ரவரியில் தொடக்கநிலைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சர்க்கரை, ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள், சிறுநீர், சாதாரணத் தொற்றுகளுக்கான விரைவுப் பரிசோதனை என்று அடிப்படையானவற்றை மட்டும் செய்யும் லேப்கள் குறைந்த கட்டணத்தில் சேரலாம். இது ஐஎஸ்ஓ 15189 அங்கீகாரத்துக்குச் சமமல்ல. அதற்கு முந்தின படி.

பரிசோதனைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது அதிகமில்லை. மருத்துவ லேப்களின் சான்று எண் ‘எம்சி’ என்று தொடங்கும். என்ஏபிஎல் இணையதளத்தில் லேபைத் தேடினால், எந்தெந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் என்ற பட்டியல் முகவரியோடு கிடைக்கும். தெருமுனைச் சேகரிப்பு மையத்துக்குத் தனி அங்கீகாரம் கிடையாது. உங்கள் ரத்தம் எந்த ஊர் லேபுக்குப் போகிறது என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி இருந்தால் கீழே உள்ள சின்ன எழுத்தையும் படியுங்கள். பெரும்பாலும் ‘இது அங்கீகாரத்தில் அடங்காது’ என்றே இருக்கும்.

கேட்டால் அளவீட்டின் ஐயப்பாட்டையும், அதாவது வந்த எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதையும், லேப் சொல்ல வேண்டும் என்று ஐஎஸ்ஓ 15189 சொல்கிறது. கேட்பவர்தான் இல்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவு ஒரு லேபில் 6.4, இன்னொன்றில் 6.6 என்று வந்து, 6.5தான் எல்லைக்கோடு என்று தெரிந்து தூக்கம் கெட்டவர்கள் அவசியம் கேட்க வேண்டிய எண் அது. முடிவில் சந்தேகம் இருந்தால் முதலில் லேபிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். அதைப் பதிந்து விசாரித்துப் பதில் தர வேண்டியது அங்கீகாரத்தின் நிபந்தனை. பதில் சரியில்லையென்றால், சான்று எண்ணையும் ரிப்போர்ட் நகலையும் இணைத்து என்ஏபிஎல்லுக்கே அனுப்பலாம்.