நைட்ரேட் 12 என்றால் எது 12?

பல்லடம் பக்கத்துப் பஞ்சாயத்து ஒன்றின் போர்வெல் தண்ணீர் விவரம் போன வாரம் என் மேசைக்கு வந்தது. நைட்ரேட் 12 என்று போட்டிருந்தது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை போகலாம். அதனால் பக்கத்துக் கட்டத்தில் ‘குடிக்க உகந்தது’. ஆய்வகத்தின் மூல அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தால், அந்த 12 நைட்ரேட்டே இல்லை. நைட்ரேட்டுக்குள் இருக்கும் நைட்ரஜன் மட்டும். அதை நைட்ரேட்டாக மாற்ற 4.43-ஆல் பெருக்கினால் 53 வருகிறது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இந்தத் தண்ணீர் ஆகாது. காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும்.

ஆய்வகம் ஒழுங்காகத்தான் ‘நைட்ரேட், நைட்ரஜனாக’ என்று எழுதியிருந்தது. அடுத்த அலுவலகத்தில் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தபோது எக்செல் கட்டம் சின்னதாக இருந்திருக்கிறது, ‘நைட்ரேட்’டோடு நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து இன்னொரு துறையின் அட்டவணைக்குப் போய், 45-ஐ வைத்து ஒப்பிட்டு, டிக் விழுந்துவிட்டது. இது முதல் தடவையாக இருந்தால் இப்படி உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன்.

கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: “அதான் வெப்சைட்ல பிடிஎஃப் ஏத்திட்டமுங்களே சார்.”

ஏத்தினீர்கள், சரி. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது அட்டவணையை எடுத்த போட்டோ. அதிலுள்ள எண்ணை எந்தக் கணினியும் அப்படியே எடுத்து வரைபடத்தில் வைக்காது. யாரோ ஒருவர் உட்கார்ந்து திரும்ப அடிக்க வேண்டும். அடிக்கிறவருக்கு நைட்ரஜனும் தெரியாது, நைட்ரேட்டும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அலகு, அளந்த முறை, தேதி, இடம் எல்லாம் கழன்று விழுவது அங்கேதான். எண் மட்டும் அடுத்த அலுவலகம் போய்ச் சேரும். வெளியிட்டது வேறு, அடுத்தவர் எடுத்துப் பயன்படுத்தும்படி கொடுத்தது வேறு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4-ஆம் பிரிவிலேயே, ஆவணங்களைக் கணினியில் ஏற்றி நாடு முழுவதும் வலைப்பின்னலில் இணைக்கச் சொல்கிறது. போட்டோ எடுத்து மாட்டச் சொல்லவில்லை.

நொய்யல் ஆற்றோரத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், நீர்வளத் துறை, மத்திய நிலத்தடி நீர் வாரியம் என்று ஆளுக்கொரு நோக்கத்தில் அளக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் எல்லார் எண்ணையும் ஒன்றாகக் கொட்டும்போது, திறந்த கிணறா, ஆயிரம் அடி போரா என்று யாரும் கேட்பதில்லை. நம் பாறை மண்ணில் ஒரே தோட்டத்துக் கிணற்றுக்கும் போருக்கும் உப்பின் அளவு வெவ்வேறாக இருக்கும்.

இடக் குறிப்பு இன்னும் மோசம். 11 பாகை 06 கலை (60 கலை சேர்ந்தால் ஒரு பாகை) வடக்கு, 77 பாகை 20 கலை கிழக்கு என்றால் திருப்பூர். அதையே 11.06, 77.20 என்று தசமமாக அடித்தால் கிணறு சுமார் 15 கிலோமீட்டர் நகர்ந்து சோமனூர் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். சரியானது 11.10, 77.33. சாயப்பட்டறைத் தண்ணீரைப் பற்றி இத்தனை வழக்கு நடந்த ஊரில், எந்தக் கிணறு எங்கே இருக்கிறது என்பது சின்ன விஷயமா? ஊர்ப் பெயரை நம்பவும் முடியாது, தடுக்கி விழுந்தால் ஒரு பாளையம். மாவட்டப் பெயரும் உதவாது. திருப்பூர் மாவட்டம் வந்ததே 2009-இல். அதற்கு முந்தைய பதிவில் பல்லடம் கிணறு கோயம்புத்தூரிலும் காங்கேயம் கிணறு ஈரோட்டிலும் இருக்கும். அதனால் கிணற்றுக்கு ஒரே எண் கொடுங்கள், மாவட்டம் பிரிந்தாலும் அதை மாற்றாதீர்கள்.

அப்புறம், ‘கண்டறியும் அளவுக்குக் கீழே’ என்று ஆய்வகம் சொன்னால் அங்கே பூஜ்யம் போடாதீர்கள். மின்கடத்துதிறனை டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு) என்ற தலைப்பில் எழுதாதீர்கள், 2000 மைக்ரோசீமன்ஸ் என்றால் டிடிஎஸ் லிட்டருக்கு ஏறத்தாழ 1300 மில்லிகிராம்தான். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/08 மார்ச்சா ஆகஸ்டா என்று நான் ஜோசியம் பார்க்க முடியாது. திருத்தினால் திருத்திய தேதியையும் போட்டு, முன்பு வாங்கிப் போனவர்களுக்கும் சொல்லுங்கள்.

“வெளியே கொடுத்தா தப்பா பயன்படுத்துவாங்க” என்று தயங்கும் அதிகாரிகளை எனக்குத் தெரியும், பயம் புரிகிறது. ஆனால் தப்பு நடந்தது வெளியாட்கள் கையில் இல்லை, இரண்டு அரசு மேசைகளுக்கு நடுவில்.

பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அட்டவணையில் ‘உகந்தது’ என்று வந்தாலும் ஆய்வகத்தின் மூல அறிக்கை நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நைட்ரேட் வரியில் ‘நைட்ரஜனாக’ என்று இருந்தால் 45-ஐப் பார்க்காதீர்கள், 10-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள் (45-ஐ 4.43-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10). தாண்டினால் அந்தத் தண்ணீரை அங்கன்வாடிக்கு மட்டுமாவது உடனே நிறுத்திவிடுங்கள்.