ஓபியாய்டு மலக்கட்டு – சொல் விளக்கம்

கேன்சர் வலிக்கு மார்ஃபின் சாப்பிடுறவங்களோட ஆஸ்பத்திரி பேப்பர்ல சில நேரம் "ஓஐசி"ன்னு மட்டும் எழுதியிருப்பாங்க. விரிச்சா ஓபியாய்ட் இண்ட்யூஸ்டு கான்ஸ்டிபேஷன், அதாவது மார்ஃபின் வகை மருந்தால வர்ற மலச்சிக்கல். வீட்ல இந்தப் பேரை யாரும் சொல்ல மாட்டாங்க, "அப்பாவுக்கு நாலு நாளா வெளிக்கே போகல", "மோஷன் வரல", "வயிறு கட்டிக்கிச்சு"ன்னுதான் பேச்சு இருக்கும். ஆனா இது நம்ம எல்லாருக்கும் எப்பவாவது வர்ற மலச்சிக்கல் இல்ல, வர்ற காரணமும் வேற வைத்தியமும் வேற, அதனாலதான் இதுக்குன்னு ஒரு தனிப் பேரே வச்சிருக்காங்க.

முதல்ல ஓபியாய்டு. கிரேக்கத்துல "ஓபோஸ்"னா செடியோட சாறு, அதுல இருந்து "ஓபியோன்", அதாவது கசகசாச் செடியோட காயைக் கீறினா வடியுற பால். அது லத்தீனுக்குப் போய் ஓபியம் ஆச்சு, அரபில அஃப்யூன் ஆச்சு, அந்த வழியாத்தான் நம்ம அபின், அபினி எல்லாம். கடைசில ஒட்டியிருக்கிற "ஆய்டு"க்கு "அதைப் போல இருக்கிறது"ன்னு அர்த்தம். ஆக ஓபியாய்டுன்னா அபின் போன்றது. மார்ஃபின், கோடீன் ரெண்டும் நேரா அபின்ல இருந்து வந்தது, ட்ரமடாலும் ஃபெண்டனிலும் லேப்ல செஞ்சது, நாலும் ஓபியாய்டுதான். மார்ஃபின்ங்கிற பேர் கிரேக்கக் கனவுத் தெய்வம் மார்ஃபியஸோட பேர்ல இருந்து வந்தது, 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ஜெர்மனில செர்ட்யூர்னர்ங்கிற மருந்தாளுநர் அபின்ல இருந்து இதைத் தனியா பிரிச்சு எடுத்து மார்ஃபியம்னு பேர் வச்சார், அதுதான் பின்னால மார்ஃபின் ஆச்சு. தமிழ்ல "அபினி வகை வலிநிவாரணி"ன்னு எழுதுறது சரியான சொல்தான், ஆனா நோயாளி வீட்ல போய் அபினின்னு ஆரம்பிச்சா பயந்துடுவாங்க, போதைப் பழக்கமா ஆயிடுமோன்னு மாத்திரையை ஒளிச்சு வைக்கிறவங்களும் உண்டு. அதனால வீட்ல பேசும்போது "மார்ஃபின் வகை வலி மருந்து"ன்னே சொல்லலாம்னு நினைக்கிறேன்.

அடுத்தது கான்ஸ்டிபேஷன். லத்தீன்ல "ஒண்ணா நெருக்கித் திணிக்கிறது"ன்னு பொருள் தர்ற வினைச்சொல்ல இருந்து வந்தது. தமிழ்ல எல்லாரும் சொல்றது மலச்சிக்கல். மலம்னா வடமொழில அழுக்கு (சைவ சித்தாந்தத்துல ஆணவம், கன்மம், மாயைன்னு மும்மலம் சொல்றதும் இதே மலம்தான்), சிக்கல்னா நூலும் முடியும் சிக்கிக்கிற அந்தச் சிக்கு. சித்த மருத்துவத்துல மலபந்தம்னும் மலக்கட்டுன்னும் சொல்வாங்க, பந்தம்னாலும் கட்டுனாலும் ஒண்ணுதான். மலச்சிக்கல் தப்பான சொல் இல்ல, பொதுவா அதையே சொல்லலாம். ஆனா மார்ஃபினால வர்றதுக்கு மலக்கட்டுங்கிற சொல்தான் கச்சிதமா பொருந்துது, ஏன்னா உண்மையிலேயே குடலைக் கட்டித்தான் போடுது அந்த மருந்து.

எப்படின்னா, மார்ஃபின் போய் ஒட்டிக்கிற ஏற்பிகள் மூளைலயும் தண்டுவடத்துலயும் மட்டும் இல்ல, குடல் சுவர்ல இருக்கிற நரம்புகள்லயும் நிறைய இருக்கு. அங்க ஒட்டினதும் குடல் அலை மாதிரி சுருங்கி விரிஞ்சு தள்ளுற வேலை மந்தமாயிடும், குடலுக்குள்ள சுரக்கிற நீர் குறையும், மலம் உள்ளயே ரொம்ப நேரம் தங்கும்போது அதுல இருக்கிற தண்ணியையும் உடம்பு உறிஞ்சிக்கும், ஆசனவாய்ச் சுருக்குத்தசை வேற இறுகிக்கும், கடைசில கல்லு மாதிரி ஆயிடும். மார்ஃபின் ஆரம்பிச்சா வர்ற தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாள்ல உடம்புக்குப் பழகிடும், மலக்கட்டு மட்டும் அப்படிப் பழகவே பழகாது, மருந்து இருக்கிற வரைக்கும் இதுவும் இருக்கும். அதனால மார்ஃபின் எழுதுற அன்னைக்கே கூடவே மலமிளக்கியும் எழுதுறதுதான் முறை. எழுதலன்னா கூச்சப்படாம கேட்டு வாங்குங்க.

இது தெரியாம என்ன நடக்குதுன்னா, நாலஞ்சு நாள் போகலன்னதும் வீட்ல இருக்கிறவங்களே "இந்த மாத்திரையாலதான்"னு மார்ஃபினைக் குறைச்சிடுறாங்க, இல்ல நோயாளியே வேண்டாம்னு சொல்லிடுறார், வலி திரும்ப வந்து ராத்திரி முழுக்கத் துடிக்கிறார். ரொம்ப வேதனையான விஷயம் இது, நடக்கவே கூடாதது. வலி மருந்தை நிறுத்தக் கூடாது, டாக்டர்கிட்ட கேட்டு மலமிளக்கியைத்தான் கூட்டணும்.

மலமிளக்கின்னதும் "பேதி மருந்தா, ஏற்கனவே எலும்பும் தோலுமா இருக்கார், பேதி ஆனா தாங்குவாரா"ன்னு கேப்பாங்க. ரெண்டும் வேற. பேதி மருந்து வயித்தைக் கழுவி விடுறதுக்கு, ஒரே நாள் சமாச்சாரம். மலமிளக்கி தினமும் எடுத்துக்கிறது, இளகி, கஷ்டப்படாம போறதுக்கு. இதுலயே வகை இருக்கு. சென்னா, பிசாகோடில் ரெண்டும் குடலைத் தூண்டித் தள்ள வைக்கும். லாக்டுலோஸ் சிரப், பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர் ரெண்டும் தண்ணியை மலத்துக்குள்ள இழுத்துப் பிடிச்சு இளக்கும். மார்ஃபின் கட்டிப்போட்டது குடலோட அசைவை, அதனால பெரும்பாலும் தூண்டுற வகையில ஒண்ணு இருக்கணும், தேவைப்பட்டா இளக்குறதையும் சேர்ப்பாங்க. சென்னா மாத்திரை வேலை செய்ய 6ல இருந்து 12 மணி நேரம் ஆகும், அதான் ராத்திரி படுக்கப் போகும்போது குடுக்கிறது. லாக்டுலோஸுக்கு ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், குடிச்ச அன்னைக்கே பலன் தெரியலன்னு விட்டுடாதீங்க, சிலருக்கு வயிறு உப்பும், அப்படி உப்பினா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

சென்னாங்கிறது அரபிச் சொல், நம்ம ஊர்ல அதுக்கு நிலாவாரை, நிலவாகைன்னு பேர். உலக மருந்து வியாபாரத்துல "டின்னவெல்லி சென்னா"ன்னே ஒரு சரக்கு உண்டு, டின்னவெல்லின்னா வேற எதுவும் இல்ல, நம்ம திருநெல்வேலிதான், தூத்துக்குடி பக்கமும் வானம் பார்த்த நிலத்துல விளையுது. அதுக்காக நாட்டு மருந்துக் கடைல நிலவாகைப் பொடி வாங்கி மாத்திரைக்குப் பதிலா குடுக்காதீங்க, பொடில மருந்துச் சத்து எவ்வளவு இருக்குன்னு அளவு தெரியாது.

நார்ச்சத்து விஷயத்துல கவனமா இருக்கணும். சாதாரண மலச்சிக்கலுக்கு கீரை, பழம், இசப்கோல் (தண்ணில ஊறி உப்புற நார்)னு சொல்றது நல்ல யோசனைதான், ஆனா படுத்த படுக்கையா இருந்து நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணி கூட இறங்காதவங்களுக்கு இசப்கோல் குடுத்தா அது உள்ள போய் இறுகி அடைச்சிக்கிற ஆபத்து இருக்கு. லிக்விட் பாரஃபின்ங்கிற எண்ணெய் கலந்த சிரப்பும் முழுங்கக் கஷ்டப்படுறவங்களுக்கு வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குப் போயிடும். முடிஞ்ச அளவு கஞ்சி, மோர், ரசம், இளநீர்னு கொஞ்சம் கொஞ்சமா குடுங்க (கிட்னி, இதயப் பிரச்சனை இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு). காலைல ஏதாவது சாப்பிட்டதும் குடல் தானா கொஞ்சம் அசையும், அந்த நேரம் பார்த்து உக்கார வைங்க, வெஸ்டர்ன் டாய்லெட்டோ கமோட் சேரோ, காலுக்கு அடில ஒரு சின்ன முக்காலி போட்டா முட்டி உயர்ந்து குந்தி உக்கார்ற மாதிரி வரும், முக்குறது குறையும். கதவையோ திரையையோ மூடுங்க. பெத்த பிள்ளை முன்னாடின்னாலும் வயசானவங்களுக்கு அது பெரிய சங்கடம், அடக்கியே வச்சிடுவாங்க. என்னைக்குப் போனாங்க, இறுக்கமா இளக்கமான்னு ஒரு நோட்ல குறிச்சு வச்சா வீட்டுக்கு வர்ற நர்ஸுக்கு உதவியா இருக்கும், 3 நாள் போகலன்னா 4வது நாள் வரைக்கும் காத்திருக்காம போன் பண்ணிடுங்க, சப்போசிட்டரியோ (ஆசனவாய்க்குள்ள வைக்கிற மருந்து) எனிமாவோ தேவையான்னு அவங்க பார்த்து முடிவு பண்ணுவாங்க.

இன்னும் ரெண்டு சொல் இருக்கு, ரெண்டையும் மலக்கட்டோட குழப்பிக்கக் கூடாது. ஒண்ணு, பொய்ப் பேதி. பல நாள் போகாம இருந்தவருக்குத் திடீர்னு தண்ணியா கசிஞ்சுக்கிட்டே இருந்தா அது பேதின்னு நினைச்சு லோபரமைடு மாதிரி நிறுத்துற மாத்திரை குடுத்துடுவாங்க, ஆனா உள்ள கெட்டியா அடைச்சிருக்கிற மலத்தைச் சுத்தி நீர் மட்டும் வழிஞ்சு வர்றதாவும் இருக்கலாம், அப்ப நிறுத்துற மாத்திரை குடுத்தா அடைப்பு இன்னும் மோசமாகும். இன்னொண்ணு குடலடைப்பு. வயித்துக்குள்ள கட்டி இருக்கிறவங்களுக்கு இது வர வாய்ப்பு உண்டு. வயிறு உப்பி, விட்டு விட்டு சுருட்டிப் பிடிச்சு வலிச்சு, வாந்தியும் எடுத்து, காத்து கூடப் பிரியலன்னா மலமிளக்கி எதையும் குடுக்காதீங்க, முக்கியமா சென்னாவும் பிசாகோடிலும் கூடவே கூடாது, ராத்திரியா இருந்தாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்க.