மண்புழு காய்கறித் தோலைக் கடிப்பதில்லை

மண்புழுவுக்குப் பல் கிடையாது. வீட்டு மண்புழு உரத் தொட்டியில் நீங்கள் இன்று போட்ட உருளைக்கிழங்குத் தோல் நாளைக்கும் அப்படியே கிடந்தால் பதறாதீர்கள். பாக்டீரியாவும் பூஞ்சையும் முதலில் அதைக் கூழாக்க வேண்டும். புழு அந்தக் கூழை, அதில் வளர்ந்த நுண்ணுயிர்களோடு சேர்த்து விழுங்கி, உள்ளே தசை கெட்டியான ஒரு பையில் மணல் துகள்களை வைத்து அரைத்து, கருப்பு உருண்டைகளாக வெளியே தள்ளுகிறது. அந்த மணலுக்காகத்தான் தொட்டியில் ஒரு கைப்பிடித் தோட்டமண் போடச் சொல்கிறார்கள்.

மழைக்காலத்தில் தோட்டத்தில் நெளியும் புழுவைப் பிடித்துப் போட்டால் பெரும்பாலும் நிற்காது. அவற்றில் பல, மண்ணுக்குள் துளைபோட்டு மண்ணையே தின்பவை. நமக்கு வேண்டியது சருகுக்கடியில் வாழும் வகை: ஐசீனியா ஃபெட்டிடா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ், இல்லையென்றால் நம்மூர் பெரியோனிக்ஸ். பல வேளாண் அறிவியல் நிலையங்களில் விலைக்குக் கிடைக்கும்.

தொட்டிக்கு 20 லிட்டர் பக்கெட் போதும். அடியிலும் பக்கவாட்டிலும் துளை போட்டு, ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு, கிழித்த செய்தித்தாள், கொஞ்சம் பழைய சாணம் போட்டு, மேலே ஈரச் சாக்கை மூடுங்கள். புதுச் சாணம் வேண்டாம், அது மக்கும்போது கிளம்புகிற சூட்டிலேயே புழு வெந்துவிடும்.

ஈரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். புழுவுக்கு நுரையீரல் இல்லை, ஈரத் தோல் வழியாகத்தான் மூச்சு. காய்ந்தால் சாகும். தண்ணீர் தேங்கினால் காற்று போய், ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் பெருகி அழுகின முட்டை நாற்றம் வரும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும், அவ்வளவுதான். நாற்றம் வந்துவிட்டால் மருந்து எதுவும் தேடாமல் சில நாள் கழிவு போடுவதை நிறுத்தி, காய்ந்த சருகைக் கலந்து கிளறுங்கள். நுண்ணுயிர் மக்க வைக்கும் வேகத்தைத் தாண்டிக் கழிவைக் கொட்டுவதுதான் பெரும்பாலும் கோளாறு. கால் கிலோ புழு இருந்தால் பழகின பிறகு தினமும் 100 கிராம் போல, ஆரம்பத்தில் அதிலும் பாதி.

மிஞ்சின குழம்பு, ஊறுகாய் கூடவே கூடாது. உப்பு, புழுவின் தோல் வழியாக உடம்பு நீரை உறிஞ்சிவிடும். எலுமிச்சைத் தோல், வெங்காயம் கொஞ்சமாக. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் கழிவின் புளிப்பு குறையும். அப்புறம், மேற்கு வெயில் அடிக்கிற பால்கனியில் வைக்காதீர்கள், 35 டிகிரியைத் தாண்டினால் தாங்குவது கஷ்டம். எறும்புக்குப் பக்கெட்டைச் செங்கல் மேல் ஏற்றி, அந்தச் செங்கலைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் போதும்.

இரண்டு மூன்று மாதத்தில் உரம் தயார். வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்து வையுங்கள். கண் இல்லாவிட்டாலும் தோலில் ஒளியை உணரும் செல்கள் உண்டு, புழு கீழே இறங்கிவிடும். மேலே மேலே வழித்து எடுக்கலாம். எடுக்கும்போது எலுமிச்சை வடிவத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளும் பழுப்புமாகச் சில மணிகள் தட்டுப்படும். அவை முட்டைக்கூடுகள், ஐசீனியா என்றால் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று குஞ்சு வரும். பொறுக்கித் தொட்டியிலேயே போடுங்கள். பொறுமையில்லை என்றால் ரோஜாச் செடிக்கு உரத்தோடு போகட்டும், செடிக்கு நஷ்டமில்லை. ஆனால் சருகும் கழிவும் இல்லாத வெறும் மண்ணில் அந்தக் குஞ்சுகள் ரொம்ப நாள் தங்காது.