குளிரக் குளிர மாறும் இணைதிறன்

பினாங்கு, குவீன் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் சூடம் ஏற்ற லைட்டரின் சக்கரத்தைப் பெருவிரலால் உருட்டும்போது சிதறி மறையும் மஞ்சள் பொறியில் எரிவது பெரும்பாலும் சீரியம் என்னும் உலோகம். லைட்டர் கல் என்று கடையில் கேட்டு வாங்கும் சிறு துண்டு, இரும்போடு அருமண் உலோகங்களைக் கலந்து செய்தது. அந்த அருமண் பங்கில் சீரியமே அதிகம். பேராக்கின் பழைய வெள்ளீயச் சுரங்கங்களில் மிஞ்சிய அமாங் மணலிலும் சீரியம் உண்டு. அதன் உறவுத் தனிமமான இட்டெர்பியமும் உண்டு. பொறியாக எரியும்போது சீரியம் தன் நான்கு வெளி எலக்ட்ரான்களையும் ஆக்சிஜனிடம் விட்டுவிடுகிறது. ஆனால் சில உலோகச் சேர்மங்களுக்குள் அதே அணு மூன்றை எளிதில் விட்டுவிட்டு, நான்காவதைப் பிடிப்பதா விடுவதா என்று ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டத்தின் அளவை வெப்பநிலை மாற்றுகிறது.

நான்காவது எலக்ட்ரான் இருப்பது 4எஃப் கூட்டில். அந்தக் கூடு அணுவின் உட்புறத்தில், நிரம்பிய பிற கூடுகளுக்குள் ஒடுங்கிக் கிடப்பதால், அங்குள்ள எலக்ட்ரான் உலோகமெங்கும் திரியும் கடத்தும் எலக்ட்ரான்களோடு எளிதில் கலப்பதில்லை, சிறிதளவே கலக்கிறது. பட்டர்வொர்த்தில் வீடும் தீவில் வேலையுமாக நாள்தோறும் ஃபெரியில் கடந்து வரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் பொழுதில் எத்தனை பங்கு தீவில் கழிகிறது என்று கேட்டால், விடை ஒரு பின்னமாகவே வரும். இட்டெர்பியம் இப்படி ஊசலாடுவது மூன்றாவது எலக்ட்ரானில். அதன் இணைதிறன், அதாவது அணு விட்டுக்கொடுக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, 2.8 என்று எழுதும்போதும் பொருள் அதுவே: பத்தில் எட்டுப் பங்கு மூன்று எலக்ட்ரான்களை விட்ட மூன்று மின்னூட்ட நிலை, இரண்டு பங்கு இரண்டு மின்னூட்ட நிலை.

இது வெறும் கணக்கு என்று ஒதுக்க முடியாது. எக்ஸ் கதிரை இட்டெர்பியம் உறிஞ்சும் நிகழ்வு, எலக்ட்ரான் இடம் மாறுவதைவிட வேகமாக நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் அளவீட்டில் 2.8க்கு உரிய ஒற்றைச் சிகரம் தோன்றுவதில்லை. ஏறத்தாழ 7 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இடைவெளியில் இரண்டு சிகரங்கள் தோன்றுகின்றன. அவற்றின் உயரங்களை ஒப்பிட்டால் பங்கு தெரிந்துவிடும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இதுதான்.

இனி வெப்பநிலைக்கு வருவோம். மூன்று மின்னூட்ட இட்டெர்பியம் ஒரு குட்டிக் காந்தம். அது எட்டு வெவ்வேறு நிலைகளில் இருக்கலாம். இரண்டு மின்னூட்ட இட்டெர்பியத்தில் 4எஃப் கூடு 14 எலக்ட்ரான்களோடு நிரம்பிவிடுவதால் காந்தம் இல்லை. நிலையும் ஒன்றே ஒன்றுதான். சூட்டில், வாய்ப்புகள் அதிகமுள்ள காந்த நிலையின் பக்கமே அணு சாய்கிறது. குளிரக் குளிர அந்தச் சாதகம் தேய்ந்து, ஆற்றல் குறைந்த ஏற்பாடே வெல்கிறது. அந்த ஏற்பாடு என்னவென்பதற்கு வழி காட்டியவர் ஜப்பானிய இயற்பியலாளர் ஜுன் கோண்டோ. தூய்மை குறைந்த தங்கத்தைக் குளிர்விக்கையில் அதன் மின்தடை ஒரு கட்டத்திற்குப்பின் மீண்டும் ஏறுவதை 1934இல் லெய்டனில் கண்டிருந்தார்கள். காந்த அணுக்களில் மோதும் கடத்தும் எலக்ட்ரான்களே காரணம் என 1964இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். பின்னர் வளர்ந்த கோட்பாட்டின்படி, கோண்டோ வெப்பநிலை எனப்படும் அளவுக்குக் கீழே கடத்தும் எலக்ட்ரான்கள் அணுவின் காந்தத்தோடு பிணைந்து அதை முழுமையாக மறைத்துவிடுகின்றன. இந்தப் பிணைப்பு உருவாவதே எலக்ட்ரான்கள் 4எஃப் கூட்டுக்குள் போய் வருவதால்தான். எனவே பிணைப்பு இறுக இறுக, காந்தமற்ற நிலையின் பங்கு கூடுகிறது. இட்டெர்பியத்தில் காந்தமற்றது இரண்டு மின்னூட்ட நிலை என்பதால் குளிரில் இணைதிறன் இறங்குகிறது. சீரியத்தில் அது நான்கு மின்னூட்ட நிலை என்பதால் ஏறுகிறது. திசை எதிரானாலும் காரணம் ஒன்றே.

பெரும்பாலான சேர்மங்களில் இம்மாற்றம் சிறியது. பல பத்து, சில வேளைகளில் பல நூறு கெல்வின் இடைவெளியில் மெல்லப் பரவி நிகழ்வது. ஓர் இட்டெர்பியம், ஓர் இண்டியம், நான்கு செம்பு அணுக்கள் என்ற விகிதத்தில் அமைந்த படிகமோ பொறுமை காட்டுவதில்லை. 42 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 231 டிகிரி செல்சியஸில், அதன் இணைதிறன் 3க்கு அருகிலிருந்து ஏறத்தாழ 2.8க்குச் சட்டென்று இறங்குகிறது. கோண்டோ வெப்பநிலையும் சுமார் 25 கெல்வினிலிருந்து 400 கெல்வின் அளவுக்குத் தாவுவதால், காந்தத்தன்மை திடீரென்று வலுவிழக்கிறது. கூடுதலாக ஓர் எலக்ட்ரானை உள்ளே வைத்திருக்கும் இட்டெர்பியம் அயனி உருவத்தில் பெரியது. ஆகவே குளிர்ந்தால் சுருங்க வேண்டிய அந்தப் படிகம், அந்தப் புள்ளியில் தன் கன அளவில் ஏறத்தாழ அரை விழுக்காடு விரிகிறது.